ஸ்டாண்ட் மிக்சர் வாங்கப் போகிறீர்களா? முதலில் மாவை எடைபோடுங்கள்

மாவு பிசையவும் கேக் கலவை, க்ரீம் அடிக்கவும் மேடையில் நிற்கும் மெஷின்தான் ஸ்டாண்ட் மிக்சர். அதன் பெட்டியின் மேல் மிகப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது வாட் எண். வாங்குகிறவருக்கு மிகக் குறைவாகப் பயன்படும் தகவலும் அதுதான். 300 வாட் என்று எழுதிய மெஷின் ரொட்டி மாவை அலட்டிக்கொள்ளாமல் பிசைவதும், 1500 வாட் என்று எழுதிய இன்னொன்று அதே மாவில் சூடேறி நின்றுவிடுவதும் சகஜம். முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: ஒரு தடவைக்கு எத்தனை கிராம் மாவு பிசையப் போகிறீர்கள்? இந்த எண் கையில் இருந்தால் கிண்ணத்தின் அளவும் மெஷினின் வகையும் பாதி முடிவானது போலத்தான்.

தேவையா என்பதை முதலில் பாருங்கள்

கேக், குக்கீ, க்ரீம் மட்டும் செய்கிறவருக்குக் கையில் பிடித்து அடிக்கும் ஹேண்ட் மிக்சர் போதும். சின்ன அளவுகளுக்கு அதுவே மேல், ஏனென்றால் கிண்ணத்தின் மூலை முடுக்கெல்லாம் நீங்களே கொண்டுபோகலாம். ஸ்டாண்ட் மிக்சர் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும் வேலைகள் மூன்று. ஒன்று, ஈஸ்ட் சேர்த்த ரொட்டி மாவு. இரண்டு, விடாமல் பல நிமிடங்கள் அடிக்க வேண்டிய முட்டை நுரை. மூன்று, கொதிக்கிற சர்க்கரைப் பாகை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே அடிக்க வேண்டிய பட்டர்க்ரீம், மார்ஷ்மெல்லோ போன்றவை.

ரொட்டியிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. தண்ணீர் அதிகமாக விட்டு, அரை மணிக்கொரு முறை மடித்து மடித்துப் பதப்படுத்தும் தளர்வான மாவுக்கு மெஷினே வேண்டாம். அந்த வகை ரொட்டி மட்டும்தான் சுடுகிறீர்கள் என்றால் காசை நல்ல ஓவனில் போடுங்கள்.

எடைக் கணக்கு

ரொட்டிக் கணக்கில் உலர்ந்த மாவு எப்போதும் 100 சதவீதம். மற்றதெல்லாம் அதற்கு எத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். 500 கிராம் மாவு, 325 கிராம் தண்ணீர் (65 சதவீதம்), 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். மொத்தம் 840 கிராம். இது ஒரு பெரிய ரொட்டிக்கான அளவு. இரண்டு ரொட்டி வேண்டுமென்றால் ஏறக்குறைய 1.7 கிலோ.

4.5 முதல் 5 லிட்டர் வரையுள்ள கிண்ணத்தோடு வரும், தலை சாயும் வகை மெஷினுக்கு (வகைகள் பற்றிக் கீழே) ஒரு ரொட்டி அளவு சௌகரியமானது. இரண்டு ரொட்டி அளவை அதில் போட்டால் பிசையும், ஆனால் ஒவ்வொரு வாரமும் போட்டால் கியர்தான் விலை கொடுக்கும். வழக்கமாக 1.5 கிலோவுக்கு மேல் பிசைகிறவர் 6.5 லிட்டருக்கு மேற்பட்ட, கிண்ணத்தை உயர்த்தும் வகையையோ கிண்ணமே சுழலும் வகையையோ பார்ப்பது நல்லது.

தயாரிப்பாளர் சொல்லும் உச்ச அளவு ஏதோ ஒரு நாள் செய்வதற்கான எல்லை. அதில் மூன்றில் இரண்டு பங்கை உங்கள் வழக்கமான அளவாக வைத்துக்கொண்டால் மெஷின் நெடுநாள் உழைக்கும். தண்ணீர் 55 சதவீதத்துக்குக் கீழே போகும் இறுக்கமான மாவு (பேகல், பாஸ்தா) என்றால் அதையும் பாதியாகக் குறையுங்கள். வீட்டு மெஷின்களை அதிகம் சாகடிப்பது பெரிய அளவு அல்ல, இறுக்கமான மாவுதான். தளர்வான மாவு, மெஷினின் பிசையும் கொக்கியைச் சுற்றி வழிந்து போகும். இறுக்கமான மாவு கொக்கியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. "பெரிசாகவே வாங்கிவிடலாம்" என்று 7 லிட்டர் வாங்கி அதில் 200 மில்லி க்ரீம் அடிக்கப் பார்த்தால் விஸ்க் (நுரை அடிக்கும் கம்பிக்கூடு) க்ரீமின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டே போகும். 5 லிட்டர் கிண்ணத்திலேயே இரண்டு முட்டை வெள்ளைக்கருவுக்குக் குறைந்தால் சிரமம். சின்ன அளவும் பெரிய அளவும் கலந்து செய்கிறவர், அதே மெஷினில் பொருந்தும் 3 லிட்டர் அளவிலான கூடுதல் கிண்ணம் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்கலாம்.

வகைகள்

வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை கோள்சுற்று முறையில் இயங்குபவை. பீட்டர், அதாவது தலையில் மாட்டும் கலக்கும் கருவி, தன்னைத்தானே ஒரு திசையில் சுற்றிக்கொண்டு, கிண்ணத்தை எதிர்த்திசையில் வலம் வரும். கிண்ணம் அசையாது. ஹோபார்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் பேக்கரிகளுக்காக உருவாக்கிய இந்த ஏற்பாடு, 1919-ல் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்குள் வந்தது. இதே முறையில் இயங்கும் கென்வுட் செஃப் மெஷின் வந்தது 1950-ல். அடிப்படை இன்றும் அதேதான்.

இதில் இரண்டு உட்பிரிவு. தலை சாயும் வகையில் மோட்டார் உள்ள தலைப்பகுதி கீல் வைத்துப் பின்னால் சாயும். பொருள் சேர்க்க, வழித்துவிட, பீட்டர் மாற்ற வசதி. முதன்முதலாக வாங்குகிறவருக்குப் பழக எளிது. பலவீனம் அந்தக் கீல்தான். இறுக்கமான மாவில் தலை மேலும் கீழும் துள்ளும். கிண்ணம் உயரும் வகையில் தலை அசையாது. மெஷினிலிருந்து நீளும் இரு தாங்கிகளில் கிண்ணத்தை மாட்டி நெம்புகோலால் உயர்த்த வேண்டும். கனமான மாவுக்கு இதுவே உறுதி. ஆனால் பீட்டருக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கை நுழைய இடம் குறைவு, வழித்துவிடுவது தொல்லை.

மூன்றாவது, கிண்ணமே சுழலும் வகை. 1940 முதல் சுவீடனில் தயாராகும் ஆங்கர்ஸ்ரம் இதற்குத் தெரிந்த உதாரணம். மாவு ஓர் உருளைக்கும் சுழலும் கிண்ணச் சுவருக்கும் நடுவே நசுங்கி நீளும். ரொட்டி மாவுக்கு அருமையானது. சூடும் குறைவாக ஏறும். ஆனால் பழகச் சில வாரங்கள் பிடிக்கும், வெண்ணெயும் சர்க்கரையும் அடிப்பதில் கோள்சுற்று மெஷினின் சௌகரியம் இதில் இல்லை. ரொட்டிதான் முக்கியம், கேக் எப்போதாவது என்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். மற்றவருக்குக் கோள்சுற்று.

வாட் ஏன் ஏமாற்றுகிறது

பெட்டியில் எழுதியிருப்பது மோட்டார் மின்இணைப்பிலிருந்து இழுக்கும் சக்தி. கொக்கியின் முனைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை அது சொல்லாது. மோட்டாருக்கும் கொக்கிக்கும் நடுவில் கியர் தொகுதியோ பெல்ட்டோ இருக்கிறது. வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குவது அதன் வேலை. உலோக கியர்கள் நல்ல விகிதத்தில் அமைந்திருந்தால் குறைந்த வாட் போதும். மெலிந்த கியர்களோடு அதிவேக மோட்டாரைப் பூட்டினால் எண் பெரிதாக இருக்கும், கீழ் வேகத்தில் தெம்பு இருக்காது. பிசைவது நடப்பதோ கீழ் வேகத்தில்தான்.

அதனால் கடையில் இவற்றைக் கேளுங்கள், பாருங்கள்.

தலைக்குள் கியர் உலோகமா, பிளாஸ்டிக்கா? சில மெஷின்களில் ஒரே ஒரு கியர் மட்டும் வேண்டுமென்றே பலவீனமாக இருக்கும். பாரம் மீறினால் அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். இது குறையில்லை, அந்தக் கியர் தனியாகக் கிடைக்கும் வரை.

தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம்? மெஷினின் அடியில் உள்ள தகட்டில் "கேபி" (KB) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் பக்கத்தில் 5 நிமிடம், 10 நிமிடம் என்றும் பொறித்திருக்கலாம். தொடர்ந்து ஓட்டக்கூடிய நேரம் அது. வாட் எண்ணை விட நூறு மடங்கு நேர்மையான தகவல். 5 நிமிடம் என்றிருக்கும் மெஷின் ரொட்டிக்கு ஆகாது. ரொட்டி மாவுக்கு 8 நிமிடமாவது தேவை.

மிகக் குறைந்த வேகம் எவ்வளவு குறைவு? கடைக்காரரிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 60 சுற்றுக்குப் பக்கத்தில், கண்ணால் எண்ணக்கூடிய வேகத்தில் வலம்வந்தால் நல்லது. ஒன்றாம் எண்ணிலேயே சீறிப் பாய்கிற மெஷின் மாவை முகத்தில் அப்பிவிடும்.

எடை? 10 கிலோவை ஒட்டியிருந்தால் மேடையில் நகராது. 4, 5 கிலோ மெஷின்கள் ரொட்டி பிசையும்போது மெல்ல மெல்ல மேடை ஓரத்துக்குப் பயணம் போகும்.

கிண்ணமும் பீட்டர்களும்

கிண்ணத்துக்கு துருப்பிடிக்காத எஃகுதான் சரி. கண்ணாடிக் கிண்ணம் அழகு. ஆனால் கனம், குளிரவைத்தால் சட்டென்று குளிராது, கை தவறினால் போயிற்று. கிண்ணத்தின் நடு அடியில் உள்நோக்கி ஒரு மேடு இருந்தால் நல்லது. பீட்டர் எட்டாத நடுப்பகுதியில் பொருள் தேங்காமல் அது பார்த்துக்கொள்ளும்.

மூன்று பீட்டர்கள் கூடவே வரும். தட்டை பீட்டர் வெண்ணெய், கேக் கலவை, குக்கீக்கு. கம்பி விஸ்க் முட்டைக்கும் க்ரீமுக்கும் மட்டும். அதை வைத்துக் கெட்டியான வெண்ணெயை அடித்தால் கம்பிகள் கோணிப்போகும். கொக்கி ரொட்டி மாவுக்கு. கொக்கியில் ஒற்றை வளைவு ஒரு வகை, திருகுபோல் முறுக்கியது இன்னொரு வகை. முறுக்குக் கொக்கி மாவைக் கீழ்நோக்கி அழுத்தும், மாவு மேலே ஏறுவது குறையும். இரண்டும் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் முறுக்குக் கொக்கியை எடுங்கள்.

ஓரத்தில் சிலிகான் பட்டை வைத்த பீட்டர் தனியாக வாங்கலாம். கிண்ணச் சுவரை அதுவே வழித்துவிடும். பணம் வீண் போகாத ஒரே கூடுதல் கருவி என்றுகூடச் சொல்லலாம். குளிர்ந்து கட்டியாக இருக்கும் வெண்ணெயில் மட்டும் அதைப் போடாதீர்கள், பட்டை கிழியும். முன்பக்கம் பூட்டும் அரைவை, பாஸ்தா உருளைகளை ஆறு மாதம் கழித்து யோசியுங்கள்.

வைக்கும் இடம், மின்னழுத்தம்

அளவு நாடாவோடு சமையல் மேடையைப் பாருங்கள். தலை சாயும் மெஷின் மூடிய நிலையில் 35 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். தலையைச் சாய்த்தால் 45-ஐத் தொடும். மேலே அலமாரி இருந்தால் இங்கேதான் இடிக்கும். மெஷினைத் தினமும் தூக்கி அலமாரியில் வைக்கிற திட்டம் நடக்காது. 10 கிலோவைத் தூக்க மனம் வராமல் மெஷின் உள்ளேயே இருந்துவிடும். மேடையில் நிரந்தர இடம் கொடுக்க முடிந்தால் வாங்குங்கள்.

வேறு நாட்டிலிருந்து வரவழைத்தால் தகட்டில் வோல்ட் எண்ணைப் பாருங்கள். 110-120 வோல்ட் மெஷினை 220-240 வோல்ட் இணைப்பில் சொருகினால் அன்றோடு முடிந்தது. மின்மாற்றி வைத்து ஓட்டலாம்தான். பிசையும்போது இழுக்கும் மின்சாரத்துக்கு அது தாங்க வேண்டும், சத்தமும் கனமும் தனி. உள்ளூர் மின்னழுத்தத்துக்கு உரிய மாடலை வாங்குவதே நிம்மதி.

பழைய மெஷின் என்றால்

நல்ல தயாரிப்பின் பழைய மெஷின், மலிவான புது மெஷினை விடப் பெரும்பாலும் மேல். பார்க்க வேண்டியவை: எல்லா வேகத்திலும் வெறுமனே இரண்டு நிமிடம் ஓட்டுங்கள்; வேகம் சீராக ஏறி இறங்க வேண்டும், கருகல் வாசனை வரக்கூடாது. தலையைப் பூட்டிவிட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள். பீட்டர் மாட்டும் தண்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா? கிண்ணம் அடித்தட்டில் திருகிப் பூட்டுகிறதா, ஆடுகிறதா? கடைசியாக, முடிந்தால் அரை கிலோ மாவைக் கொண்டுபோய்ப் பிசைந்து காட்டச் சொல்லுங்கள். வெறுமனே ஓடும்போது எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை

பீட்டர் கிண்ணத்தின் அடியை எவ்வளவு நெருங்குகிறது என்பதைச் சரிபாருங்கள். புது மெஷின்தானே, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி விட்டுவிடுகிறவர்களே அதிகம். "அடியில் மாவு கலக்கவே மாட்டேன் என்கிறது", "பீட்டரின் பூச்சு உரிகிறது" என்ற இரண்டு புகாருக்கும் பெரும்பாலும் காரணம் இதுதான்.

1. மெஷினை மேடையில் சமமாக வைத்து, கிண்ணத்தைப் பூட்டி, தட்டை பீட்டரை மாட்டுங்கள்.
2. கிண்ணத்தின் அடியில் ஒரு சிட்டிகை மாவை மெல்லிய படலமாகத் தூவுங்கள். தலையை இறக்கிப் பூட்டுங்கள்.
3. மிகக் குறைந்த வேகத்தில் பத்து விநாடி ஓட்டி நிறுத்துங்கள்.
4. மாவுப் படலத்தைப் பாருங்கள். பீட்டரின் முனை இதழ் இதழாகப் பூப்போன்ற கோலத்தை லேசாகக் கீறியிருந்தால் சரி. படலம் அப்படியே இருந்தால் பீட்டர் உயரத்தில் இருக்கிறது. உலோகம் பளிச்சென்று தெரிகிற அளவு வழித்திருந்தாலோ கறகற சத்தம் கேட்டாலோ மிகத் தாழ்வு.

நாணயம் வைத்தும் பார்க்கலாம். சின்ன நாணயத்தை அடியில் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். பீட்டர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நாணயம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளப்பட வேண்டும். அசையவே இல்லையென்றால் உயரம். பீட்டரோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி ஓடினால் தாழ்வு.

சரிசெய்ய ஒரு திருகாணி இருக்கும். தலை சாயும் மெஷின்களில் பொதுவாகக் கழுத்தில், தலையைச் சாய்த்தால் தெரியும். வேறு சிலவற்றில் பீட்டரின் தண்டிலேயே ஒரு நட்டு. எந்தப் பக்கம் திருகினால் இறங்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். மெஷினின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருகி, மறுபடி மாவுப் படலம். விஸ்க்கையும் மாட்டி ஒரு முறை பார்த்துவிடுங்கள். பீட்டருக்குச் சரியான உயரம் விஸ்க்குக்கு ஒரு மயிரிழை தாழ்வாக இருக்கக்கூடும்.

முதல் ரொட்டி மாவு

மெஷின் பிசையும்போது உரசலால் மாவு சூடாகும். கையால் பிசைகிறவர்கள் கவலைப்படாத விஷயம் இது. பிசைந்து முடித்த மாவு 24 முதல் 26 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 28-ஐத் தாண்டினால் மாவு ஒட்டும், ஈஸ்ட் அவசரப்படும், ருசி குறையும். நம் கையில் இருக்கும் ஒரே கட்டுப்பாடு தண்ணீரின் சூடு. அதற்குக் கணக்கு இருக்கிறது:

பிசைந்த மாவுக்கு வேண்டிய வெப்பத்தை 3-ஆல் பெருக்கி, அதிலிருந்து அறை வெப்பம், உலர்மாவின் வெப்பம், உரசல் எண் (மெஷினின் உரசல் ஏற்றும் சூட்டுக்கான எண்) மூன்றையும் கழியுங்கள். கிடைப்பது தண்ணீரின் வெப்பம்.

25 டிகிரி வேண்டும், அறை 22, உலர்மாவு 22, உரசல் எண் 11 என்றால்: 75 − 55 = 20 டிகிரி தண்ணீர். அறை 29, உலர்மாவு 28 என்றால்: 75 − 68 = 7 டிகிரி. அதாவது ஃபிரிட்ஜ் தண்ணீர். விடை பூஜ்யத்தை நெருங்கினால் தண்ணீரில் ஒரு பங்கைப் பொடித்த ஐஸாகப் போடுங்கள், மொத்த எடையில் சேர்த்து. உரசல் எண் மெஷினுக்கு மெஷின் மாறும். 11-ல் ஆரம்பித்து, முதல் தடவை முடிந்ததும் மாவில் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். பிசைந்த மாவின் வெப்பத்தை 3-ஆல் பெருக்கி, அறை, உலர்மாவு, தண்ணீர் மூன்றின் வெப்பத்தையும் கழித்தால் உங்கள் மெஷினின் சொந்த எண் வந்துவிடும். சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை. மேலே சொன்ன 500 கிராம் அளவையே எடுத்துக்கொள்வோம்.

1. கிண்ணத்தில் முதலில் தண்ணீர், பிறகு மாவு, ஈஸ்ட், கடைசியில் உப்பு. தண்ணீர் அடியில் இருந்தால் காய்ந்த மாவு அடியில் தங்காது.
2. கொக்கியை மாட்டி, ஒன்றாம் வேகத்தில் 2 நிமிடம். காய்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத வரை. தேவைப்பட்டால் நிறுத்தி ஒரு முறை வழித்துவிடுங்கள்.
3. மெஷினை நிறுத்தி, ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் விடுங்கள். மாவு தண்ணீரைக் குடித்துத் தானே இழுவை பெறும். பிசையும் நேரமும் மெஷினின் சிரமமும் கணிசமாகக் குறையும். இந்த 20 நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள்.
4. இரண்டாம் வேகத்தில் 6 முதல் 8 நிமிடம். பத்து வேகம் உள்ள மெஷினில் இரண்டுக்கு மேல் போகவே கூடாது. சீக்கிரம் முடியட்டும் என்று நான்கில் வைப்பதுதான் கியர் போவதற்கு நேர்வழி.
5. பாதியில் நிறுத்தி, கொக்கியிலிருந்து மாவைக் கீழே இறக்கிவிடுங்கள்.
6. மாவு கிண்ணச் சுவரை விட்டு விலகி, அடியில் மட்டும் சின்ன வட்டமாக ஒட்டியிருந்தால் பதம் நெருங்கிவிட்டது. நெல்லிக்காய் அளவு கிள்ளி, விரல்களில் எண்ணெய் தொட்டு நாலாபக்கமும் மெல்ல இழுங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் படலமாக விரிந்தால் முடிந்தது. ஓரம் சொரசொரப்பாகக் கிழிந்தால் இன்னும் 2 நிமிடம்.

சுவரை விட்டு விலகவில்லையே என்று மாவை அள்ளி அள்ளிப் போடாதீர்கள். 70 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உள்ள மாவு விலகாமலேயே பதமாகும். வெண்ணெய் சேர்க்கும் இனிப்பு ரொட்டிகளில் வெண்ணெயைக் கடைசியில், இழுவை வந்த பிறகு, துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் கொழுப்பு இழுவை உருவாவதைத் தாமதப்படுத்தும், மெஷின் கூடுதல் நேரம் ஓடும்.

பிசையும்போது மெஷினை விட்டு நகராதீர்கள். அடுத்த அறைக்குப் போன நேரத்தில் மேடையிலிருந்து விழுந்த மெஷின்கள் ஏராளம்.

கேக், வெள்ளைக்கரு, க்ரீம்

வெண்ணெயும் சர்க்கரையும் அடிப்பதில் வெப்பம்தான் எல்லாம். வெண்ணெய் 18 முதல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் மேற்பரப்பு பளபளக்காது. பளபளத்தால் சூடு அதிகம். எவ்வளவு அடித்தாலும் காற்று தங்காது. தட்டை பீட்டர், நடு வேகம், 3 முதல் 5 நிமிடம், நடுவில் இரண்டு முறை வழித்துவிட வேண்டும். மஞ்சள் வெளிறி, குவியல் மெதுமெதுவென்று ஆகும். முட்டையை ஒவ்வொன்றாக, அறை வெப்பத்தில் சேருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை போட்டால் வெண்ணெய் இறுகிக் கலவை திரிந்தது போலாகிவிடும். மாவு சேர்த்ததும் மிகக் குறைந்த வேகம். கடைசிக் கலக்கலைக் கையால் செய்யுங்கள். கேக் ரப்பராக வந்தால் குற்றவாளி பெரும்பாலும் இங்கே கூடுதலாக ஓடிய ஒரு நிமிடம்தான்.

வெள்ளைக்கருவுக்குக் கிண்ணத்திலும் விஸ்க்கிலும் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட தாளால் துடைத்துவிடுங்கள். நடு வேகத்தில் ஆரம்பித்து, நுரை மென்மையாக எழும்பியதும் சர்க்கரையை ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். நான்கு வெள்ளைக்கருவுக்கு, அதாவது ஏறக்குறைய 125 கிராமுக்கு, 200 முதல் 250 கிராம் சர்க்கரை. எடுத்த எடுப்பில் உச்ச வேகத்தில் வைத்தால் பெரிய பெரிய குமிழ்கள்தான் வரும், சீக்கிரம் உடைந்தும் போகும். இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறக்காமல் இருந்தால் சர்க்கரை கரைந்துவிட்டது.

க்ரீமில் கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். கிண்ணமும் விஸ்க்கும் 15 நிமிடம் ஃபிரீசரில் இருக்கட்டும். விஸ்க் விட்டுச் செல்லும் தடம் அழியாமல் நிற்கத் தொடங்கியதும் மெஷினை நிறுத்தி, மீதியைக் கையால் முடியுங்கள். அரை நிமிடம் அசந்தால் வெண்ணெய்.

என்ன கெடும், ஏன்

*மாவு கொக்கியில் ஏறுகிறது.* வேகம் அதிகம், அல்லது மாவு அதிகம், அல்லது இறுக்கம். வேகத்தைக் குறையுங்கள், கொக்கியின் மேல் கழுத்தில் எண்ணெய் தடவுங்கள். தண்டுக்குள் மாவு புகுந்து காய்ந்துவிட்டால் சுரண்டுவது பெரும்பாடு.

*தலை துள்ளுகிறது.* கீல் ஊசியைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்திருக்கும். கழுத்துக்குக் கீழே, பீடத்தில் இருக்கும். ஊசியைச் சரியாக உள்ளே தள்ளி இறுக்கினால் போதும்.

*மெஷின் தானே நின்றுவிட்டது.* வெப்பப் பாதுகாப்பு துண்டித்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மாவைப் பாதியாக்கி ஓட்டுங்கள். தலை கைபொறுக்கும் அளவுக்குச் சூடாவது இயல்பு, புகை இயல்பல்ல.

*மோட்டார் ஓடுகிறது, பீட்டர் சுற்றவில்லை, கறகற சத்தம்.* கியர் பற்கள் போய்விட்டன. உடனே நிறுத்துங்கள். உடைந்த துணுக்குகள் கிரீஸில் கலந்து மற்ற கியர்களையும் தின்றுவிடும். கியரை மாற்றும்போது பழைய கிரீஸை முழுக்க வழித்தெடுத்துப் புது கிரீஸ் போட வேண்டும். உணவுக் கருவிகளுக்கு உரிய கிரீஸைக் கேட்டு வாங்குங்கள்.

*விட்டுவிட்டு ஓடுகிறது, காற்றுத் துளைகளில் பொறி பறக்கிறது.* கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பல மாடல்களில் தலையின் இருபக்கமும் ஒரு மூடி இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு அதைத் திருகினால் பிரஷ் வெளியே வரும். நீளம் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். நல்ல நிலையில் இருந்தால் எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பப் போட வேண்டும். தேய்ந்த வளைவு மாறிப் பொருந்தினால் மறுபடி பொறி பறக்கும்.

*தண்டிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது.* மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரியும். துடைத்துவிட்டு, வெறுமனே சில நிமிடம் ஓட்டுங்கள். சேமிக்கும்போது தலை கீழிறங்கிய நிலையிலேயே இருக்கட்டும். எண்ணெய் விழுந்த கலவையைக் கொட்டிவிடுங்கள். துடைத்தபின்னும் சொட்டினால் கிரீஸ் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

*மாவில் சாம்பல் நிறக் கறை.* பூச்சில்லாத அலுமினிய பீட்டரைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டிருப்பீர்கள். அந்தச் சோப்பின் காரம் அலுமினியத்தைக் கருக்கிவிடும், தொட்டால் கையில் ஒட்டும். வினிகரோ எலுமிச்சையோ தேய்த்துக் கழுவினால் ஓரளவு போகும். எஃகு பீட்டர் அதே மாடலுக்குக் கிடைத்தால் மாற்றிவிடுவது நல்லது.

சுத்தம்

ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றியபின், தலையின் அடிப்பக்கத்தையும் பீட்டர் தண்டையும் ஈரத்துணியால் துடையுங்கள். தண்டின் ஊசியைச் சுற்றி ஒட்டியிருக்கும் மாவைப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுங்கள். அது காய்ந்தால் அடுத்த முறை பீட்டர் கழலாது. விஸ்க்கின் கம்பிகள் தலையில் சேரும் இடத்தில் தண்ணீர் தேங்கும், கவிழ்த்துக் காயவையுங்கள். கிண்ணத்தில் ஒட்டிய ரொட்டி மாவுக்கு வெந்நீர் வேண்டாம். பச்சைத் தண்ணீரில் ஊறினால் வழுக்கிக்கொண்டு வரும், வெந்நீரில் பசையாகிவிடும்.